பிள்ளைகளின் பல் வளர்ச்சியும் பல்லுக்குக் கம்பி போடுதலும்: வன்னிப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் மன்னார்ப் பெருநிலத்திலும் பல் சிகிச்சைக் கூடத்துக்கு வெளியே வாங்கில் காத்திருக்கும் தாய்மாரும் தந்தைமாரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். கம்பி போடுதல், கிளிப் போடுதல் என்று நாம் சொல்வதையே வைத்தியர்கள் பற்சீராக்கம் என்கிறார்கள். ஒழுங்கற்ற பற்களையும், ஒன்றோடொன்று பொருந்தாத தாடைகளையும் மெதுவாக இடத்துக்குக் கொண்டுவரும் சிகிச்சை அது. கம்பி போடுவதற்கு முந்திய பத்து வருடங்களில் வீட்டில் என்ன நடந்தது என்பதுதான் பெரும்பாலான சிகிச்சைகளின் போக்கைத் தீர்மானிக்கிறது என்பதால், பாற்பல்லிலிருந்தே தொடங்குகிறேன்.

பிள்ளைக்கு எட்டு மாதமாகியும் பல் முளைக்கவில்லை. பயப்பட வேண்டுமா?

பயப்பட வேண்டியதில்லை. முதற்பல் பெரும்பாலும் ஆறாம் மாதத்தை ஒட்டி, கீழ்த்தாடையின் முன்பக்கத்தில் வெளிவரும். ஆனால் ஒரு வயது வரை பிந்துவதும் இயல்பே. பக்கத்து வீட்டில் பல்லுக்கொழுக்கட்டை கொட்டி முடிந்துவிட்டது, நம் வீட்டில் இன்னும் இல்லை என்று கவலைப்படும் அம்மம்மாக்களுக்கும் இதையே சொல்கிறேன். பதினைந்து மாதமாகியும் ஒரு பல்கூட இல்லையென்றால் காட்டுங்கள். மேற்பல் முதலில் முளைத்தால் மாமனுக்கு ஆகாது என்று சில வீடுகளில் சொல்வார்கள். முளைக்கும் வரிசை பிள்ளைக்குப் பிள்ளை சற்று மாறுவது இயற்கை, அதனால் எவருக்கும் கேடில்லை.

இரண்டரை வயதுக்கும் மூன்று வயதுக்கும் இடையில் இருபது பாற்பற்களும் வந்துவிடும். பல் முளைக்கும் நாட்களில் முரசு சினக்கும், வாய்நீர் வடியும், பிள்ளை கையில் அகப்பட்டதையெல்லாம் கடிக்கும். கடுங்காய்ச்சலையும் வயிற்றோட்டத்தையும் மட்டும் பல் முளைப்பதன் தலையில் போட்டுவிட்டுச் சும்மா இருக்காதீர்கள். டெங்கு உள்ள நிலத்தில் அது ஆபத்தான எண்ணம்.

பாற்பல் எப்படியும் விழத்தானே போகிறது. சூத்தை பிடித்தால் அடைக்க வேண்டுமா?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் வாசிக்க நேரம் இருக்கிறது என்றால், இதை வாசியுங்கள்.

பாற்பல் உணவை மெல்லுவதற்கு மட்டும் அல்ல. பின்னால் வரப்போகும் நிரந்தரப் பல்லுக்கு இடம் பிடித்து வைத்திருப்பதும் அதன் வேலை. குறிப்பாக, பாற்பல் வரிசையின் கடைசியில் இருக்கும் இரண்டாவது பாற்கடைவாய்ப்பல் பத்து, பன்னிரண்டு வயது வரை வாயில் இருக்க வேண்டிய பல். அதை ஐந்து வயதில் சூத்தைக்குப் பறிகொடுத்தால், ஆறு வயதில் பின்னால் முளைக்கும் பெரிய நிரந்தரக் கடைவாய்ப்பல் வெற்றிடத்துக்குள் முன்னோக்கிச் சாய்ந்து நகரும். இழக்கப்படும் இடத்தின் பெரும்பகுதி பல்லைப் பிடுங்கிய முதல் ஆறு மாதங்களுக்குள்ளேயே போய்விடுகிறது. பிறகு பதினொரு வயதில் வரவேண்டிய பல் வரிசைக்குள் நுழைய வழியின்றி, உள்ளே நாக்குப் பக்கமோ வெளியே கன்னத்துப் பக்கமோ முளைக்கும். அல்லது என்புக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும்.

இயற்கை இங்கே ஒரு சிறு சேமிப்பையும் வைத்திருக்கிறது. பாற்கடைவாய்ப்பற்கள் அவற்றின் இடத்துக்கு வரும் நிரந்தரப் பற்களைவிட அகலமானவை. பாற்பல் வேட்டைப்பல்லும் கடைவாய்ப்பற்களும் விழும்போது கீழ்த்தாடையில் ஒரு பக்கத்தில் சராசரியாக 1.7 மில்லிமீற்றரும் மேல்தாடையில் 0.9 மில்லிமீற்றரும் இடம் மிஞ்சும். முன்னால் நெருக்கியடித்து நிற்கும் சிறு கோணலைச் சரிசெய்ய அந்த மிச்சமே போதுமாகும் பிள்ளைகள் பலர் உண்டு. சூத்தையால் பல் கரைந்து குறுகினாலும், நேரத்துக்கு முன் பிடுங்கப்பட்டாலும் அந்தச் சேமிப்பு வீணாகிவிடும்.

ஆகவே அடைக்கக்கூடிய பாற்பல்லை அடைத்துக் காப்பாற்றுங்கள். பிடுங்கியே ஆகவேண்டும் என்றால், இடங்காக்கும் கம்பி வைக்கலாமா என்று அன்றைக்கே கேளுங்கள். பக்கத்துப் பல்லில் ஒரு வளையத்தை ஒட்டி, அதிலிருந்து வெற்றிடத்தின் மறுகரை வரை ஒரு கம்பியை நீட்டிவிடுவார்கள். மிக எளிய, செலவு குறைந்த வேலை. அதை வைக்காமல் விட்டதால் பின்னர் இரண்டு வருடம் கம்பியோடு அலைந்த பிள்ளைகளைப் பார்க்கும்போது எனக்கு மனம் வருந்துகிறது.

இரவில் பால்போத்தலோடு தூங்க வைப்பதும், சீனி கரைத்த தேநீரைப் போத்தலில் ஊற்றிக் கொடுப்பதும் நம் பகுதியில் பாற்பல்லை அழிக்கும் முக்கிய வழிகள். முதற்பல் தெரிந்த நாளிலிருந்து புளோரைட் பற்பசையால் துலக்குங்கள்: மூன்று வயது வரை ஒரு அரிசி அளவு, அதன்பின் ஒரு பட்டாணி அளவு. ஆலும் வேலும் பல்லுக்குறுதி என்பது உண்மைதான். ஆனால் உமிக்கரியும் செங்கல்தூளும் பல்லின் மேற்படையான மிளிரியைத் தேய்த்துவிடும் என்பதால் அவற்றைப் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டாம்.

ஆறு வயது மகனுக்குக் கடைசியில் ஒரு பெரிய பல் முளைத்திருக்கிறது. எந்தப் பல்லும் விழவில்லை. அதுவும் பாற்பல்தானே?

இல்லை. அதுதான் முதலாவது நிரந்தரக் கடைவாய்ப்பல். எந்தப் பல்லும் விழாமல், பாற்பல் வரிசைக்குப் பின்னால் சத்தமில்லாமல் முளைப்பதால், பெற்றோர் அதைப் பாற்பல் என்றே நினைத்துக் கவனியாமல் விட்டுவிடுகிறார்கள். முழு வாயின் கடியும் அந்த நான்கு பற்களின்மேல்தான் அமைகிறது. அதன் மேற்பரப்பில் உள்ள ஆழமான பள்ளங்களை மெல்லிய பூச்சினால் அடைத்துவிட முடியும். அதைப் பாடசாலைப் பற்சிகிச்சையாளரிடம் கேளுங்கள்.

பாற்பல் விழாமலேயே பின்னால் புதுப்பல் வந்துவிட்டது. உடனே பிடுங்க வேண்டுமா?

கீழ் முன்பற்களில் இது மிகச் சாதாரணம். பாற்பல் ஆடிக்கொண்டிருந்தால் பிள்ளையே நாக்காலும் விரலாலும் அசைத்து விழுத்தட்டும். இடம் கிடைத்ததும் நாக்கு பின்னால் இருந்து புதுப்பல்லை முன்னால் தள்ளிவிடும். இரண்டு, மூன்று மாதமாகியும் பாற்பல் அசையவில்லை என்றால் காட்டுங்கள். மேல் முன்பல் அப்படிப் பின்னால் முளைத்தால் மட்டும் காத்திருக்க வேண்டாம்: அது கீழ்ப்பற்களுக்கு உட்புறமாகப் பூட்டிக்கொண்டால் கீழ்ப்பல்லின் முரசு இறங்கும், கடியும் ஒரு பக்கம் சாயும்.

எட்டு வயது மகளின் முன்பற்கள் விரிந்து, நடுவில் இடைவெளியோடு இருக்கின்றன. இப்போதே கம்பி போடலாமா?

ஏழு வயதுக்கும் பன்னிரண்டு வயதுக்கும் இடையில் பெரும்பாலான பிள்ளைகளின் முகம் இப்படித்தான் இருக்கும். சிறிய முகத்தில் பெரிய பற்கள், விசிறி போல விரிந்து நிற்கும். மேலே என்புக்குள் இருந்து இறங்கிவரும் வேட்டைப்பற்கள் முன்பற்களின் வேர்களைத் தள்ளுவதே இதற்குக் காரணம். அவை பதினொன்று, பன்னிரண்டு வயதில் வெளிவந்ததும் சிறிய இடைவெளிகள் தாமாகவே மூடிக்கொள்ளும். இரண்டு மில்லிமீற்றருக்கு மேற்பட்ட பெரிய இடைவெளியாக இருந்தால், நடுவில் மிகைப்பல் ஏதும் புதைந்திருக்கிறதா, உதட்டுத் தசைநார் தடித்துத் தாழ இறங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தயவுசெய்து இறப்பர் வளையத்தை மாட்டி இடைவெளியை வீட்டில் மூட முயலாதீர்கள். அந்த வளையம் பல்லின் வேரை நோக்கி முரசுக்குள் நழுவி, இரண்டு நல்ல முன்பற்களும் கழன்று விழும்வரை யாருக்கும் தெரியாமல் என்பைத் தின்றுவிடும்.

அப்படியானால் எந்த வயதில் காட்டுவது சரி?

முதற் பரிசோதனைக்கு ஏழு வயது நல்லது. அந்த வயதில் கம்பி போட வேண்டும் என்பது இதன் பொருள் அல்ல. பெரும்பாலான பிள்ளைகளிடம் ‘பிறகு பார்க்கலாம்’ என்றே சொல்லி அனுப்புவோம். ஆனால் தனிப்பல் குறுக்குக்கடி (ஒரு பல் மட்டும் எதிர்ப்பல்லுக்குத் தவறான பக்கத்தில் கடிப்பது), கீழ்த்தாடை முந்துதல், இடம் இழப்பு போன்ற சிலவற்றை இந்த வயதில் சில மாதங்களில் திருத்திவிடலாம்.

நம் நாட்டில் இதற்கு ஏற்கெனவே ஓர் ஒழுங்கு இருக்கிறது. தரம் 1, 4, 7, 10 ஆகியவற்றில் பாடசாலை மருத்துவப் பரிசோதனை நடக்கிறது. பல் வளர்ச்சியோடு இந்த வரிசை மிக நன்றாகப் பொருந்துகிறது: தரம் ஒன்றில் முதல் நிரந்தரக் கடைவாய்ப்பல், தரம் நான்கில் வேட்டைப்பல்லின் போக்கு, தரம் ஏழில் முழு நிரந்தர வரிசை. அன்று பிள்ளையை மறிக்காமல் பாடசாலைக்கு அனுப்புங்கள். பல் வைத்தியரிடம் காட்டும்படி ஒரு துண்டு கொடுத்துவிட்டால் அதைப் புத்தகப்பையின் அடியில் கிடக்க விடாதீர்கள்.

வேட்டைப்பல்லைப் பற்றித் தனியாக ஒன்று. ஒன்பது, பத்து வயதில் மேலுதட்டை உயர்த்தி, மூக்கின் ஓரத்துக்கு நேர் கீழே முரசின் மேல் விரல் வைத்தால், உள்ளே ஒரு சிறு மேடு தட்டுப்பட வேண்டும். இரண்டு பக்கமும் தட்டுப்பட்டால் நல்லது. ஒரு பக்கம் இருந்து மறுபக்கம் இல்லை என்றால், அல்லது பத்து வயது கடந்தும் இரண்டு பக்கமும் இல்லை என்றால் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். ஏறக்குறைய நூற்றில் இருவருக்கு இந்தப் பல் வழி தவறி அண்ணத்துப் பக்கம் திரும்பிவிடுகிறது. சிலரில் பக்கத்து முன்பல்லின் வேரையே கரைக்கிறது. பத்து முதல் பதின்மூன்று வயதுக்குள் அறிந்துகொண்டால், மேல்தாடையில் உள்ள பால் வேட்டைப்பல்லைப் பிடுங்குவதே பல வேளைகளில் அதைச் சரியான பாதைக்குத் திருப்பிவிடும். பதினாறு வயதில் அறிந்தால், முரசை வெட்டித் திறந்து, பல்லில் சங்கிலி ஒட்டி, மாதக்கணக்கில் இழுத்து இறக்க வேண்டிவரும்.

மகன் இன்னும் விரல் சூப்புகிறான். வேப்பெண்ணெய் பூசலாமா?

நான்கு வயது வரை விட்டுவிடலாம். நிரந்தர முன்பற்கள் வரும் ஆறு, ஏழு வயதிலும் தொடர்ந்தால் மேற்பற்கள் முன்னே தள்ளும், மேலும் கீழும் கடிக்கும்போது நடுவில் திறந்தே இருக்கும், அண்ணமும் ஒடுங்கும். வேப்பெண்ணெயும் அடியும் சில பிள்ளைகளில் பழக்கத்தை இன்னும் இறுக்கிவிடுகின்றன. இரவில் விரலில் துணி சுற்றிவிட்டு, சூப்பாத நாட்களை நாட்காட்டியில் குறித்துப் பாராட்டுவது அதிகம் பயன் தருகிறது. பிள்ளை எப்போதும் வாயைத் திறந்து மூச்சு விடுகிறதா, குறட்டை விடுகிறதா என்றும் கவனியுங்கள்; அப்படியானால் காது, மூக்கு, தொண்டை வைத்தியரையும் காண வேண்டும்.

மிதந்த பல் பார்வைக்கு மட்டுந்தானே குறை?

இல்லை. மேல் முன்பற்கள் கீழ்ப்பற்களைவிட மூன்று மில்லிமீற்றருக்கு மேல் முன்னே நின்றால், விழும்போது அவை உடையும் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்காகிறது. கிரவல் ஒழுங்கையில் அண்ணனின் பெரிய சைக்கிளை ஓட்டிப் பழகும் பத்து வயதுப் பிள்ளையை நினைத்துப் பாருங்கள். உதடு மூடாத வாயில் முதலில் நிலத்தைத் தொடுவது பல்தான். நிரந்தரப் பல் முழுதாகக் கழன்று விழுந்தால், வேரைத் தொடாமல், வாயில் வெளியே தெரியும் பகுதியைப் பிடித்து, சுத்தமான நீரில் ஒரு கணம் கழுவி, அந்த இடத்திலேயே திரும்பச் செருகுங்கள். முடியாவிட்டால் பாலில் போட்டுக்கொண்டு ஒரு மணித்தியாலத்துக்குள் வைத்தியரிடம் செல்லுங்கள். விழுந்த பாற்பல்லை மட்டும் திரும்பச் செருகக் கூடாது.

மிதப்புக்குக் காரணம் பெரும்பாலும் கீழ்த்தாடை பின்தங்கியிருப்பதே. பிள்ளை வேகமாக உயரும் காலத்தில், பெண்பிள்ளைகளில் பத்து முதல் பதின்மூன்று, ஆண்பிள்ளைகளில் ஓரிரு வருடம் பிந்தி, கழற்றி மாட்டும் இரட்டைப் பிளேட் ஒன்றைக் கொடுத்துக் கீழ்த்தாடையை முன்வைத்துக் கடிக்கப் பழக்குவார்கள். எட்டு வயதிலேயே தொடங்கினால் முடிவு இன்னும் சிறப்பாக இருக்குமா என்று கேட்பவர்களுக்கு: ஆய்வுகள் அப்படிக் காட்டவில்லை. முன்கூட்டித் தொடங்குவதன் தெளிவான ஒரே பயன் பல் உடைவது குறைவதுதான். மிதப்பு அதிகமாகி, பாடசாலையில் பட்டம் சொல்லிக் கூப்பிடுவதால் பிள்ளை சிரிக்காமல் வாயைப் பொத்திக்கொண்டிருந்தால் அதுவும் போதிய காரணமே.

ஒரு மெல்லிய கம்பி எப்படிப் பல்லை நகர்த்துகிறது?

பல் என்பில் ஆணி போல அறையப்பட்டதல்ல. வேருக்கும் என்புக்கும் இடையில் ஏறக்குறைய கால் மில்லிமீற்றர் தடிப்பில் ஒரு தசைநார்ப்படை இருக்கிறது. பல்லின் முகப்பில் ஒட்டிய சிறு உலோகத் துண்டான பிராக்கெட்டின் ஊடாகக் கம்பி மெல்லிய விசையைக் கொடுக்கும்போது, அழுத்தம் விழும் பக்கத்து என்பைச் சில கலங்கள் கரைக்கின்றன; இழுபடும் பக்கத்தில் வேறு கலங்கள் புதிய என்பைக் கட்டுகின்றன. மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர். வயல் வரம்பை ஒரு பக்கம் வெட்டி மறுபக்கம் அணைத்துக்கொண்டே போனால் வரம்பு முழுவதும் நகர்ந்துவிடும் அல்லவா, அதைப் போன்றது.

விசையைக் கூட்டினால் விரைவு கூடாது. அதிக அழுத்தத்தில் அந்தப் படையின் இரத்தவோட்டம் நின்று, நகர்வு தடைப்பட்டு, வேரும் கரையத் தொடங்கும். அதனால்தான் தொடக்கத்தில் நிக்கலும் டைட்டானியமும் கலந்த மென்கம்பியைப் போடுகிறார்கள். அது வளைத்தாலும் வாயின் சூட்டில் தன் பழைய வடிவத்துக்கே மெல்ல மீளும். கவரிங் தோடு போட்டால் காது அரித்துப் புண்ணாகிறவர்கள் நிக்கல் ஒவ்வாமையைப் பற்றி முதலே சொல்லிவிடுங்கள். ஒழுங்கான சிகிச்சைக்குப் பொதுவாகப் பதினெட்டு முதல் இருபத்துநான்கு மாதங்கள் வேண்டும். முதல் மூன்று, நான்கு நாட்கள் பல் நோகும், பிறகு பழகிவிடும்.

நல்ல பல்லை ஏன் பிடுங்கச் சொல்கிறார்கள்?

தாடையில் இருக்கும் இடத்தைவிடப் பற்களின் மொத்த அகலம் அதிகமாக இருக்கும்போது, எல்லாவற்றையும் அடக்க முயன்றால் முன்பற்கள் என்பின் விளிம்பைத் தாண்டி வெளியே தள்ளப்படும். அப்போது ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு முன்கடைவாய்ப்பல்லை எடுத்து, கிடைக்கும் ஏழு மில்லிமீற்றர் அளவான இடத்தில் மற்றவற்றை ஒழுங்குபடுத்துவார்கள். எல்லோருக்கும் இது தேவைப்படாது. அளவெடுத்து, எக்ஸ்ரே பார்த்து, காரணத்தை உங்களுக்கு விளங்கும்படி சொன்ன பிறகே சம்மதியுங்கள். பல் பிடுங்கினால் கண்பார்வை குறையும் என்பது உண்மையல்ல.

எங்கள் கிணற்றுத் தண்ணீரால் பிள்ளையின் பல் கறையாக இருக்கிறது. அதன்மேல் கம்பி ஒட்டுமா?

ஒட்டும், ஆனால் கூடுதல் கவனம் வேண்டும். இலங்கையின் உலர் வலயத்தில், வவுனியா மாவட்டம் உட்பட, பல குழாய்க் கிணறுகளின் நீரில் புளோரைட்டு அதிகம். பாறை இடுக்குகளில் நெடுங்காலம் தங்கிய நீர் அதைக் கரைத்துக்கொண்டு வருகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை லீற்றருக்கு 1.5 மில்லிகிராம், வெயிலில் அதிகம் நீர் குடிக்கும் நம் நாட்டுத் தரநிர்ணயம் 1.0 மில்லிகிராம். பிறப்பு முதல் எட்டு வயது வரை, பல் முரசுக்குள் உருவாகும் காலத்தில் அதிக புளோரைட்டு உடலில் சேர்ந்தால், மிளிரி முறையாக இறுகாமல் முதலில் சுண்ணாம்பு வெள்ளையாகவும் பின்னர் மண்ணிறமாகவும் தெரியும். பிள்ளை பல்லை ஒழுங்காகத் துலக்கவில்லை என்று ஏசாதீர்கள். எவ்வளவு துலக்கினாலும் போகாத நிறம் அது.

கம்பி ஒட்டும்போது அமிலத்தால் மிளிரியை நுண்ணியதாக அரித்து, அந்தத் துளைகளில் ஒட்டுப்பசையைப் பிடிக்கவிடுவார்கள். புளோரைட்டுச் செறிந்த வெளிப்படை அமிலத்துக்கு எளிதில் இளகாது. கடுமையாகப் பாதிக்கப்பட்ட பல்லிலோ மேற்படை பொருக்காகவே உதிரும். குளத்தை அண்டிய ஒரு கிராமத்திலிருந்து வந்த மாணவி ஒருவருக்கு ஒரே பல்லின் பிராக்கெட் மூன்று தடவை கழன்றது. மூன்றாவது தடவை கழன்ற துண்டைக் கடதாசியில் மடித்துக் கொண்டுவந்திருந்தார். அதன் அடியில் நகக்கண்ணளவு மண்ணிறப் படை ஒன்று பல்லிலிருந்தே பெயர்ந்து ஒட்டியிருந்தது. அந்தத் தளர்ந்த படையை நீக்கி, அமிலத்தைக் கூடுதல் நேரம் வைத்து, வேறு பூச்சு இட்ட பிறகே நின்றது. கழற்றும்போதும் அத்தகைய மிளிரி பெயரக்கூடும். ஆகவே எந்தக் கிணற்று நீரைக் குடித்து வளர்ந்தீர்கள் என்பதை முதல் நாளே சொல்லுங்கள்.

இளைய பிள்ளைகளுக்கு இன்னும் காலம் இருக்கிறது. கொதிக்கவைப்பதால் புளோரைட்டு நீங்காது. ஊரில் ஆர்.ஓ. இயந்திரத்தில் சுத்திகரித்த நீர் கிடைத்தால் எட்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்குக் குடிக்கவும் பால்மா கரைக்கவும் அதையே கொடுங்கள்; முற்றத்தில் சேர்க்கும் சுத்தமான மழைநீரிலும் புளோரைட்டு மிகக் குறைவு.

கம்பி போட்ட பிறகு என்ன சாப்பிடலாம்?

சோறும் கறியும் புட்டும் இடியப்பமும் தடையின்றிச் சாப்பிடலாம். கடித்து இழுப்பதும், படீரென உடைப்பதும், பிசினாக ஒட்டுவதுமே தீங்கு. கரும்பு, அவித்த சோளன் பொத்தி, நண்டுக்கால், ஆட்டெலும்பு, ஒடியல், முறுக்கு, எள்ளுருண்டை ஆகியவை பிராக்கெட்டைக் கழற்றிவிடும். பனங்கிழங்கை நார் உரித்து, சிறிதாக முறித்து உண்ணலாம். முழுக்கிழங்கைக் கடித்து இழுத்தால் அதன் நார் கம்பியைச் சுற்றி இறுகிக்கொள்ளும். கச்சானை இடித்துச் சாப்பிடலாம். பாலைப்பழக் காலத்தில் பிள்ளைகளை மறிப்பது கடினம் என்பதை அறிவேன். அதன் பால் உதட்டில் ஒட்டுவது போலவே பிராக்கெட்டின் இடுக்குகளிலும் ஒட்டி, இனிப்பையும் பிடித்து வைத்திருக்கும். சாப்பிட்டால் அப்போதே கொப்பளித்துத் துலக்க வேண்டும்.

சோடாவும் இனிப்புப் பானங்களும் இவை எல்லாவற்றையும்விடக் கெடுதி. சரியாகத் துலக்காத வாயில், பிராக்கெட்டைச் சுற்றி வெள்ளைத் தழும்புகள் நான்கு வாரங்களுக்குள்ளேயே தோன்றக்கூடும். கம்பியைக் கழற்றிய நாளில் பல் நேராக, ஆனால் சட்டம் போட்டது போலத் தழும்போடு நிற்பதைக் காண்பது பெருந்துயரம்.

மாதாமாதம் போக வேண்டுமாமே. முல்லைத்தீவிலிருந்து எப்படிப் போவது?

நான்கு முதல் ஆறு, சில வேளை எட்டு வாரங்களுக்கு ஒருமுறை போக வேண்டும். முல்லைத்தீவிலிருந்து யாழ்ப்பாணம் நூறு கிலோமீற்றருக்கு மேல். பரந்தனில் பஸ் மாறி, பிள்ளையின் ஒரு நாள் பாடசாலையும் உங்கள் ஒரு நாள் கூலியும் போகும். இதைத் தொடங்கும் முன்பே கணக்கில் எடுங்கள். இரண்டு வருடத்துக்கு ஏறத்தாழ இருபது பயணம் வரும். பாதியில் கைவிட்ட கம்பி, போடாத கம்பியைவிடக் கெடுதி: யாரும் பார்க்காத விசை பல்லைத் தவறான இடத்துக்குக் கொண்டுபோகும், பிராக்கெட்டின் கீழே சூத்தையும் பிடிக்கும்.

அரச வைத்தியசாலைகளில் இச்சிகிச்சை இலவச சுகாதார சேவையின் கீழ் வருகிறது. காத்திருப்போர் பட்டியல் நீளமானது. ஆகவே முதலில் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்ட வைத்தியசாலையின் பல் வைத்தியப் பிரிவில் காட்டி, பற்சீராக்கல் நிபுணரின் கிளினிக் எங்கே, எந்த நாளில் நடக்கிறது என்று கேட்டுத் துண்டு பெறுங்கள். சிக்கலான தாடைப் பிரச்சினைகளுக்குப் பேராதனைப் பல் வைத்திய பீடத்தின் வைத்தியசாலைக்கோ கொழும்புத் தேசிய பல் வைத்தியசாலைக்கோ அனுப்புவார்கள். தனியாரிடம் போவதானால், அவர் இலங்கை மருத்துவச் சபையில் பதிவுபெற்ற பல் வைத்தியரா என்று கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம். அழகுக்காக விற்கும் போலிக் கம்பிகளை எக்காரணம் கொண்டும் வாங்க வேண்டாம்.

கம்பி முனை கன்னத்தில் குத்தினால், கிளினிக்கில் தரும் மெழுகை உருட்டி அதன்மேல் வையுங்கள். கழன்ற பிராக்கெட்டைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, அடுத்த தவணைக்குக் காத்திராமல் தொலைபேசியில் சொல்லுங்கள்.

எனக்கு முப்பது வயதாகிவிட்டது. கம்பி போட வேண்டிய வயதில் இடம்பெயர்ந்துகொண்டிருந்தோம். இனிச் செய்யலாமா?

செய்யலாம். இந்தக் கேள்வி வன்னியில் கேட்கப்படுவது போல வேறெங்கும் கேட்கப்படுவதில்லை. 2009இல் பத்து வயதாக இருந்த பிள்ளைக்கு வேட்டைப்பல்லைத் தொட்டுப் பார்க்க யாரும் இருக்கவில்லை; பதுங்குகுழியிலும் முகாமிலும் பல்லைப் பற்றி நினைக்க எவருக்கும் இடம் இருக்கவில்லை. அது உங்கள் தவறோ உங்கள் பெற்றோரின் தவறோ அல்ல.

பல் நகர்வதற்கு வயதெல்லை இல்லை. தசைநார்ப்படையும் என்பும் நலமாக இருந்தால் ஐம்பதிலும் நகரும். தொடக்கம் மட்டும் சற்று மெதுவாக இருக்கும். மாறுவது தாடைதான். வளர்ச்சி முடிந்த பிறகு தாடையின் அளவைக் கம்பியால் திருத்த முடியாது; பெரிய வேறுபாட்டுக்குச் சத்திரசிகிச்சை வேண்டும். வளர்ந்தவர்களில் முதற் கேள்வி முரசைப் பற்றியது. முரசு கரைந்து, துலக்கும்போது இரத்தம் வந்தால் அதை முதலில் ஆற்ற வேண்டும். இல்லையேல் கம்பி என்பிழப்பை விரைவாக்கும். வெற்றிலை, புகையிலை, சிகரெட் ஆகியவற்றை நிறுத்துவதும் நீரிழிவைக் கட்டுப்பாட்டில் வைப்பதும் அதற்குள் அடங்கும்.

எறிகணைத் துண்டு முகத்திலோ கழுத்திலோ தலையிலோ இருந்தால், வெட்கப்படாமல் முதல் நாளே சொல்லுங்கள். எக்ஸ்ரேயில் அது வெண்புள்ளியாகப் பல்லை மறைக்கக்கூடும், எம்.ஆர்.ஐ. எடுப்பதற்கு முன் அதைச் சொல்லுவது கட்டாயம். காயத்தில் பல்லும் என்பும் இழந்தவர்களுக்கு, மீதிப் பற்களைக் கம்பியால் நிமிர்த்தி இடம் ஒழுங்குசெய்த பிறகு செயற்கைப்பல் கட்டினால் அது பலமாகவும் இயல்பாகவும் அமையும்.

மூன்று மாதத்தில் கலியாணம். அதற்குள் முடியுமா?

முடியாது. கலியாணத்துக்குப் பிறகு ஆறுதலாகத் தொடங்குங்கள்.

ஞானப்பல் முளைத்து முன்பற்களை நெருக்குகிறதா?

அப்படி நம்புவதற்குப் போதிய ஆதாரம் இல்லை. ஞானப்பல் இல்லாதவர்களுக்கும் வயதாக ஆகக் கீழ் முன்பற்கள் நெருங்கும்.

உதட்டுப் பிளவோடு பிறந்த பிள்ளைக்கு எப்போது கம்பி?

கிரகணத்தைப் பார்த்ததால் வந்தது என்று தாயைக் குறை சொல்லாதீர்கள், அது உண்மையல்ல. உதட்டைப் பிறந்த மூன்று முதல் ஆறு மாதத்தில், அண்ணத்தை ஒரு வயதை ஒட்டித் தைப்பார்கள். பலர் அத்தோடு வைத்தியசாலையை மறந்துவிடுகிறார்கள். முரசிலும் பிளவு இருந்தால், எட்டு முதல் பதினொரு வயதுக்குள், வேட்டைப்பல் இறங்குவதற்கு முன், இடுப்பென்பிலிருந்து சிறிது எடுத்து அந்தப் பிளவை நிரப்ப வேண்டும். அதற்கு முன்பே கம்பியால் தாடையை விரிக்க வேண்டியிருக்கும். ஆகவே ஏழு வயதில் மறக்காமல் திரும்ப வாருங்கள்.

கம்பியைக் கழற்றிவிட்டோம். இனிப் போக வேண்டியதில்லைதானே?

கம்பி கழன்ற நாளில் பல் நேராக நிற்கிறது; ஆனால் அதைச் சுற்றிய என்பு இன்னும் இறுகவில்லை, முரசின் நார்கள் பழைய இடத்துக்கே இழுத்துக்கொண்டிருக்கின்றன. அதற்காகத்தான், பல்லை அதே இடத்தில் பிடித்து வைத்திருக்கும், கழற்றி மாட்டும் ரிட்டெய்னர் தருகிறார்கள். முதலில் ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை வைத்தியர் சொன்னபடி, பிறகு இரவுகளில், முடிந்தவரை பல வருடங்களுக்கு அணிய வேண்டும். ஓரிரு இரவு விட்ட பிறகு போடும்போது இறுக்கமாக இருந்தால் பல் நகரத் தொடங்கிவிட்டது என்று பொருள். அன்றிரவே திரும்ப அணியுங்கள், உட்காரவே இல்லை என்றால் வலிந்து தள்ளாமல் கிளினிக்குக்கு எடுத்துச் செல்லுங்கள்.

பாடசாலையில் சாப்பிடும்போது கழற்றி, சாப்பாட்டுக் கடதாசியில் சுற்றி வைத்து, அதோடு சேர்த்து எறிந்துவிட்ட பிள்ளைகள் ஏராளம். ஒரு சிறிய மூடிப்பெட்டியைப் பையில் எப்போதும் வைத்திருக்கச் சொல்லுங்கள். வீட்டில் நாய்க்கு எட்டாத உயரத்தில் வையுங்கள், வாயின் மணத்துக்கு அது தேடிவந்து கடிக்கும். கழுவுவதற்குக் குளிர்ந்த நீரும் மென்மையான பிறஷும் போதும். கொதிநீரில் போட்டால் அது நெளிந்து, மறுபடி அளவெடுக்க இன்னொரு முறை பஸ் ஏற வேண்டிவரும்.